சிரிக்கும்போது முட்டி மடங்குகிறதா? குடும்ப மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். நான் விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறவன். வயது 36. எனக்கு நார்கோலெப்சி, அதாவது பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வந்து விழும் மூளை நோய் இருக்கிறது. 17 வயதில் தொடங்கிய நோய்க்கு 28 வயதில்தான் பெயர் கிடைத்தது. நடுவில் போன 11 வருஷத்தில் எத்தனை டாக்டர்களைப் பார்த்தேன் என்று ஒருநாள் எண்ணினேன். ஏழு பேர். யார் பெயரையும் எந்த ஆஸ்பத்திரியின் பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை. யாரும் என்னை அலட்சியமாக நடத்தவில்லை, ஒருவர் ஃபீஸ்கூட வாங்கவில்லை. ஆனால் ஏழு பேரில் ஒருவரும் ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. அதைக் கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

கேள்வி இதுதான்: "சிரிக்கும்போது கை காலில் பிடிமானம் போகிறதா?"

என் அத்தை மகள் கல்யாணம். பந்தியில் என் கையில் சாம்பார் வாளி. எதிர்வரிசையில் சாதம் போட்டுக்கொண்டு வந்த மச்சான், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் ரசத்துக்காகச் சோற்றில் குளம் வெட்டுகிற அழகைப் பார்த்து என்னவோ சொன்னான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நொடி தாடை தொங்கியது, கழுத்து முன்னால் சாய்ந்தது, முட்டி இரண்டும் மடங்கிவிட்டன. வாளி கையை விட்டுப் போவது தெரிகிறது. மூன்று இலைகளில் சாம்பார் ஓடுவது தெரிகிறது. "புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு" என்று அம்மா கத்துவது கேட்கிறது. யாரோ என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள், இரும்பின் ஜில்லிப்புகூட உறைக்கிறது. "எனக்கு ஒண்ணுமில்ல" என்று வாயைத் திறந்து சொல்லத்தான் முடியவில்லை. ஒரு நிமிஷம்கூட இருக்காது. எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டேன்.

அன்று சாயங்காலமே அது வலிப்பு என்று முடிவாகிவிட்டது. மூளையின் மின் அலையைப் பார்க்கும் ஈஈஜி எடுத்தார்கள், அதில் கோளாறு ஒன்றும் இல்லை. "சில பேருக்கு அதில் தெரியாது" என்று சொல்லி வலிப்பு மாத்திரை எழுதினார்கள். இரண்டு வருஷம் சாப்பிட்டேன். ஏற்கெனவே தூங்கி வழிகிறவனை அந்த மாத்திரை இன்னும் கொஞ்சம் தூங்க வைத்தது, அவ்வளவுதான்.

பந்தியில் எனக்கு வந்தது வலிப்பு இல்லை. நீங்கள் படித்திருப்பீர்கள், சிரிப்பில் இப்படித் தசை தளர்ந்துபோவதன் பெயர் கேட்டப்ளெக்சி, நார்கோலெப்சியின் ஒரு அறிகுறி. படித்தது எதிரே வந்து ஸ்டூலில் உட்காரும்போது ஏன் அடையாளம் தெரிவதில்லை என்றால், நோயாளி அதை அந்தப் பெயரில் சொல்ல மாட்டான். "கிறுகிறுன்னு வந்து விழுந்துட்டேன்" என்பான். நினைவு இருந்ததா என்று கேளுங்கள். முழுசாக இருந்திருக்கும். விழுவதற்கு முன் என்ன நடந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் சிரிப்பு. இல்லாவிட்டால் எதிர்பாராமல் பழைய சிநேகிதனைப் பார்த்தது, சீட்டாட்டத்தில் நல்ல கை விழுந்தது. தளர்ந்து கிடக்கும் அந்த அரை நிமிஷம் உங்கள் கண் முன்னாலேயே நடந்துவிட்டால், சுத்தியலால் முட்டியில் தட்டிப் பாருங்கள். கால் உதறாது. நிறையப் பேர் விழுவதுகூட இல்லை. பேச்சு குழறும், தலை லேசாகத் தொங்கும், கையில் இருக்கும் டம்ளர் நழுவும். சின்னப் பிள்ளைகளிடம் இது இன்னும் ஏமாற்றும். முகம் தொய்ந்து, இமை பாதி மூடி, நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சிரிப்பே இல்லாமலும் வரும். அதே சமயத்தில் எடையும் மளமளவென்று ஏறும். பார்க்கிறவர்களுக்கு, தின்றுவிட்டுத் தூங்குகிற பிள்ளை.

இனி தூக்கம். சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றுவது என் வேலை. பழைய பேரேடு ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் "உளுந்து 40 மூட்டை" என்று தெளிவாக இருக்கும். அடுத்த வரியில் "துவரை" என்பதன் கடைசி எழுத்து வலப்பக்கம் இழுபட்டுப் போயிருக்கும். அதற்கடுத்த வரி வெறும் புழு. அதற்கும் கீழே, தொகை எழுத வேண்டிய இடத்தில், என் கையெழுத்திலேயே "பெரியம்மா பஸ் ஏறிட்டாங்க" என்று இருக்கிறது. பெரியம்மா இறந்து அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. தூங்கிக்கொண்டே எழுதியிருக்கிறேன், பேனா நிற்கவில்லை. முதலாளி அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ராத்திரியெல்லாம் செல்லை நோண்டினா இப்படித்தான்" என்றார்.

ராத்திரி கதையே வேறு. இந்த நோய்க்காரன் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு தூங்குகிறான் என்று பலரும் நினைக்கிறார்கள். 24 மணி நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் வராது. பகலில் விழிப்பு பொத்தல், ராத்திரியில் தூக்கம் பொத்தல். நடுநிசியில் கண் திறக்கும், உடம்பு அசையாது, பீரோ பக்கத்தில் ஆள் நிற்கும். எங்கள் பக்கம் இதற்கு அமுக்குவான் பேய் என்று பேர். அம்மா தலைமாட்டில் அரிவாளை வைத்தாள். தர்காவில் ஓதிக் கயிறு கட்டினார்கள். நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் எப்போதாவது இது வரும், எனக்கு வாரத்தில் மூன்று நாள். ஒரு டாக்டரிடம் பீரோ பக்கத்தில் நிற்கிற ஆளைப் பற்றிச் சொன்னேன். மனநோய் மாத்திரை எழுதினார். அதற்கப்புறம் எந்த டாக்டரிடமும் நான் அதைச் சொல்லவில்லை.

நான் சொல்லாதது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நியாயம்தான். அதனால்தான் நீங்கள் கேட்க வேண்டும் என்கிறேன்.

மூளையில் எனக்கு என்ன போயிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் என் மேலேயே எனக்கிருந்த கோபம் குறைந்தது. 1880இல் ஜெலினோ என்ற பிரெஞ்சு டாக்டர் இந்த நோய்க்குப் பெயர் வைத்தார். அவரிடம் வந்தவர் 38 வயது மதுப் பீப்பாய் வியாபாரி, ஒரு நாளைக்கு 200 தடவை வரை தூங்கி விழுந்தவர். (அவரும் வியாபாரத்து ஆள் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.) முதல் உலகப் போர்க் காலத்தில் வியன்னாவில் ஃபான் எகோனமோ என்பவர், ஒருவகை மூளைக்காய்ச்சலில் தூங்கித் தூங்கியே இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தார். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதாலமஸின் பின்பகுதி சிதைந்திருப்பதைக் கண்டு, நார்கோலெப்சியின் வேரும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று ஊகித்தார். அந்த ஊகம் மெய்ப்படப் பல பத்து வருஷம் ஆனது. 1998இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஹைப்போதாலமஸ் செல்கள் சுரக்கும் ஒரே பொருளைக் கண்டுபிடித்து ஆளுக்கொரு பெயர் வைத்தன: ஹைப்போக்ரெடின், ஓரெக்சின். அடுத்த வருஷமே ஸ்டான்ஃபோர்டில் எம்மானுவேல் மின்யோவின் குழு, நோய் பரம்பரையாக வரும் டாபர்மேன் நாய்களில் காரணத்தைப் பிடித்துவிட்டது. அந்த நாய்களுக்குப் பிடித்த தீனியை நீட்டினால் சந்தோஷத்தில் கால் மடங்கி விழும். ஓரெக்சினை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் பழுது. ஜப்பானியரான மசாஷி யானகிசாவாவின் குழு அதே வருஷம், ஓரெக்சின் இல்லாத எலிகளும் அப்படியே சாய்வதைக் காட்டியது. இவர்கள் இருவருக்கும் இந்த வேலைக்காக 2023இல் பிரேக்த்ரூ பரிசு என்ற பெரிய அறிவியல் பரிசு கிடைத்தது.

மனிதனுக்கு ஏற்பி நன்றாகவே இருக்கிறது, ஓரெக்சினைச் சுரக்கும் செல்கள்தான் செத்துப்போகின்றன. 2000இல் கலிஃபோர்னியாவில் ஜெரோம் சீகலின் குழு, இறந்த நோயாளிகளின் மூளையில் அந்தச் செல்களை எண்ணிப் பார்த்தது. சாதாரணமாகச் சுமார் 70,000 இருக்க வேண்டியவை, 85 முதல் 95 சதவீதம் வரை குறைந்திருந்தன. மூளையில் மொத்தம் 8,600 கோடி நரம்புச் செல்கள். அதில் 70,000 என்பது மண்டிக்கு வரும் லாரி லோடில் ஒரு கைப்பிடிகூட இல்லை. உங்கள் எம்ஆர்ஐயில் அது எப்படித் தெரியும்? என் ஸ்கேனைப் பார்த்து "மூளை நல்லா இருக்கு தம்பி, நீதான் மனசை உறுதியா வெச்சுக்கணும்" என்றார் ஒருவர்.

கைப்பிடி செல்லுக்கு இவ்வளவு வேலை எப்படி என்றால், அவை மூட்டை தூக்குகிற ஆட்கள் இல்லை, மேஸ்திரி. விழிப்பைக் கொடுக்கிற நோர்அட்ரினலின், ஹிஸ்டமின், செரோடோனின் செல்கள் எல்லாம் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. அவற்றை உட்காரவிடாமல் முடுக்கிக்கொண்டே இருப்பது ஓரெக்சின். மேஸ்திரி வராத நாளில் எங்கள் மண்டியிலும் ஆள் இருக்கும், வேலை விட்டு விட்டுத்தான் நடக்கும். 2013இல் இன்னொன்று தெரிந்தது. நோயாளிகளின் மூளையில் ஹிஸ்டமின் செல்கள் வழக்கத்தைவிட அதிகமாக இருக்கின்றன. போனதை ஈடுகட்ட மூளை எடுத்த முயற்சி என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதை நம்ப விரும்புகிறேன்.

கேட்டப்ளெக்சிக்கும் இதே கணக்குதான். கனவு காணும்போது நாம் எழுந்து ஓடாமல் இருக்க மூளைத்தண்டு தசைகளைக் கட்டிப்போடுகிறது. விழித்திருக்கும்போது அந்தக் கட்டு விழாமல் பார்த்துக்கொள்வது ஓரெக்சினின் பொறுப்பு. அது இல்லாத இடத்தில் சிரிப்பின் வேகம், உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி வழியாகப் போய்க் கட்டை இறுக்கிவிடுகிறது. பந்தியில் நான் விழுந்தது, கனவுக்கான முடக்கம் நேரம் தவறி வந்ததால்.

செல்களைக் கொல்வது நம் எதிர்ப்புசக்தியேதான் என்பது இன்றைய நிலைப்பாடு. கேட்டப்ளெக்சி உள்ளவர்களில் 95 சதவீதத்துக்கும் மேலானவர்களிடம் எதிர்ப்புசக்தியோடு சம்பந்தப்பட்ட எச்எல்ஏ மரபணுவில் ஒரு குறிப்பிட்ட வகை இருக்கிறது. ஆனால் நோயே இல்லாதவர்களிலும் நாலில் ஒருவரிடம் வரை அது இருப்பதால், அந்த ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிட வேண்டாம். 2009 பன்றிக்காய்ச்சல் பரவலுக்குப் பிறகு ஃபின்லாந்திலும் ஸ்வீடனிலும் பாண்டெம்ரிக்ஸ் என்ற ஒரு குறிப்பிட்ட தடுப்பூசி போட்ட பிள்ளைகளிடம் நார்கோலெப்சி கூடியது. சீனாவிலும் அந்தப் பரவலுக்குப் பிறகு கூடியது, அங்கே காய்ச்சலே காரணமாகப் பார்க்கப்பட்டது. முதல் பாதியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் இருப்பதால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

பரிசோதனைக்கு வருகிறேன், எனக்கு உண்மையான மனக்குறை இங்கேதான். தூக்கப் பரிசோதனைக்கு நான் இரண்டு தடவை போனேன். முதல் தடவை ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அப்போது மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த மாத்திரைகளில் பெரும்பாலானவை கனவுத் தூக்கத்தை அடக்கிவிடும். கனவுத் தூக்கம் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று பார்ப்பதுதான் அந்தப் பரிசோதனையே. பொதுவாக இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், ஃப்ளூவாக்ஸெடின் என்றால் இன்னும் அதிக நாள். என்னிடம் யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்த ஒரு காகிதத்தால் நாலு வருஷம் போனது.

இரண்டாம் தடவை ஒழுங்காக நடந்தது. முன்னதாக இரண்டு வாரம் எப்போது படுத்தேன், எப்போது எழுந்தேன் என்று எழுதிவரச் சொன்னார்கள். ஷிஃப்ட் வேலையால் தூக்கம் கெட்டவர்களுக்கும் இதே போன்ற முடிவு வரக்கூடும், அதற்காக. ராத்திரி தலையிலும் நெஞ்சிலும் ஒயர் ஒட்டி, குறட்டை, மூச்சுத்தடை ஏதும் இல்லையென்று பார்த்தார்கள். காலையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஐந்து தடவை விளக்கை அணைத்து, "தூங்குங்க அண்ணே" என்றாள் டெக்னீஷியன் பெண். வாழ்நாளில் பகலில் தூங்கச் சொல்லி என்னிடம் ஒருவர் கேட்டது அன்றுதான். சராசரியாக 8 நிமிஷத்துக்குள் தூங்கி, இரண்டு தடவையாவது 15 நிமிஷத்துக்குள் கனவுத் தூக்கம் வந்தால் நார்கோலெப்சிக்குப் பொருந்தும். சாதாரண ஆளுக்குக் கனவு வர ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஆகும். என் சராசரி 2 நிமிஷம். ஐந்தில் நாலில் கனவு. அந்தப் பெண் கணினியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது பரிதாபமா மரியாதையா என்று இன்னும் தெரியவில்லை. முதுகுத்தண்டு நீரில் ஓரெக்சின் அளவைப் பார்க்கும் வழியும் உண்டு, மில்லி லிட்டருக்கு 110 பிகோகிராம் அல்லது அதற்குக் கீழே இருந்தால் சந்தேகமில்லை. எனக்கு அது தேவைப்படவில்லை.

இப்போது காலையில் விழித்திருக்க மோடாஃபினில், கேட்டப்ளெக்சிக்கு வென்லாஃபாக்சின் (அதுவும் ஒரு மனச்சோர்வு மாத்திரைதான்), மதியம் ஒன்றேகாலுக்கு மூட்டைகளுக்குப் பின்னால் இருபது நிமிஷத் தூக்கம். முதலாளியே அந்த நேரத்தில் யாரையும் அந்தப் பக்கம் விடுவதில்லை. செத்த செல்கள் திரும்பாது. ஓரெக்சின் ஏற்பியைத் தூண்டும் மாத்திரைகள் சோதனைகளில் நல்ல பலன் காட்டியிருப்பதாகப் படிக்கிறேன், காத்திருக்கிறேன்.

உங்களிடம் ஒரு நாளைக்கு நூறு பேர் வருகிறார்கள், ஆளுக்கு மூன்று நிமிஷம். நார்கோலெப்சி மேலை நாடுகளில் 2,000 பேருக்கு ஒருவர் என்று ஒரு கணக்கு. எல்லோரையும் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லவில்லை. "எப்பப் பாரு தூக்கம் டாக்டர்" என்று ஒரு பிள்ளையை அம்மா இழுத்துக்கொண்டு வந்தால், தைராய்டும் ஹீமோகுளோபினும் எழுதுவதோடு பகல் தூக்கத்தை அளக்கும் எப்வொர்த் அட்டையின் 8 கேள்விகளையும் கேளுங்கள். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ராத்திரியில் ஆள் நிற்கிறதா என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள், பயப்படாமல் சொல்வான். அப்புறம் அந்தச் சிரிப்புக் கேள்வி. அதற்கு ஆம் என்று வந்தால், வலிப்பு மாத்திரை எழுதும் முன் தூக்க மருத்துவம் தெரிந்த நரம்பியல் டாக்டருக்கு ஒரு சீட்டு.

இப்படிக்கு,
ஒரு மண்டிக் கணக்கர்,
விருதுநகர்

பி.கு.: இதை நோயாளிகள் யாராவது படித்தால், பரிசோதனைக்காக என்று மனச்சோர்வு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கேட்டப்ளெக்சி இருப்பவர்கள் சட்டென்று நிறுத்தினால் விழுவது பல மடங்கு கூடும். எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டு, படிப்படியாகக் குறையுங்கள்.