விமானம் நிறுத்தும் கடைசி பேயில் விளக்கும் ஏணியும் கேட்டு நான்காவது மனு

அனுப்புநர்: இரவு ஷிப்ட் டெக்னீசியன்கள், லைன் மெயின்டனன்ஸ்
பெறுநர்: விமானப் பாதுகாப்பு அதிகாரி அவர்கள்

பொருள்: லேண்டிங் கியர் (விமானச் சக்கரத் தொகுதி) வேலை நடக்கும் இடத்தில் விளக்கு, ஏணி வேண்டுதல் தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

இதே விஷயமாக மூன்று மனு கொடுத்துவிட்டோம், ஒன்றுக்கும் பதில் இல்லை. இடம் தாங்கள் அறிந்ததுதான், கார்கோ கேட்டைத் தாண்டி சுவரோரம் இருக்கும் கடைசி பே. அங்கே ஹைமாஸ்ட் விளக்கு அணைந்து எட்டு மாதம் ஆகிறது.

1. ராத்திரி இரண்டுக்கு வரும் விமானத்தை நான்குக்குள் சோதித்து, பறக்க ரிலீஸ் செய்ய வேண்டும்.

2. சக்கரம் மடங்கி அடங்கும் வீல் வெல்லுக்குள் தலையை நுழைத்து, செல்போனை வாயில் கவ்விக்கொண்டுதான் வேலை பார்க்கிறோம். பிரேக் தேய்மானம் காட்டும் குச்சி மட்டத்துக்கு வந்துவிட்டதா என்று கண்ணால் பார்க்க வழியில்லாமல் விரலால் தடவிப் பார்க்கிறோம். ஹைட்ராலிக் திரவமான ஸ்கைட்ரால் கசிந்தால் ஊதாவாகத் தெரியும் என்று படித்தோம், சரி, அந்த இருட்டில் ஊதாவும் மழைத்தண்ணீரும் ஒன்றுதான். போன மாதம் ஒரு பையனுக்கு அது கண்ணில் சொட்டி, விடியும்வரை கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

3. அப்புறம் லாக் பின், தரையில் நிற்கும்போது சக்கரம் மடங்காமல் பூட்டிவைக்கும் பின். 2021 ஜூன் 18 அன்று லண்டன் ஹீத்ரோவில் நின்றிருந்த போயிங் 787இல், முன் கியருக்குப் போட வேண்டிய பின்னை அடுத்திருந்த வேறொரு துளையில் செருகிவிட்டார்கள். காக்பிட்டில் கியர் லிவரைத் தூக்கியதும் விமானத்தின் மூக்கு தரையில் மோதியது. அந்தத் துளையை அடைக்கச் சொல்லி உத்தரவு ஏற்கெனவே வந்திருந்தது, அந்த விமானத்தில் அதை இன்னும் செய்திருக்கவில்லை. அது காலை வேளை ஐயா. இங்கே செல்போன் வெளிச்சம். 2017 ஜூலையில் கொல்கத்தாவிலிருந்து மும்பைக்குக் கிளம்பிய ஏ320, பின்களைக் கழற்றாமலே பறந்து, சக்கரம் மடங்காததால் எரிபொருள் மளமளவென்று தீர்ந்து நாக்பூரில் போய் இறங்கியது. சிவப்பு நாடா தொங்கும் பின்னையே மறக்க முடிகிறது என்றால், நாடாவே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எங்களிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

4. ஏணி. மூன்று பேய்க்கும் சேர்த்து ஒன்றுதான், அதாவது விமானம் நிற்கும் மூன்று இடத்துக்கும். கீழ்ப்படியைக் கயிற்றால் கட்டியிருக்கிறது.

5. தணிக்கைக்கு வருகிறவர்கள் பகல் பதினொரு மணிக்கு வருகிறார்கள். பகலில் எல்லா பேயும் வெளிச்சமாகத்தான் இருக்கும், சூரியனுக்கு யாரும் டெண்டர் விட வேண்டியதில்லையே. ஏதாவது ஆனால் வேலைச் சீட்டான டாஸ்க் கார்டில் யார் கையெழுத்து, யார் ஸ்டாம்ப் என்று தேடி எங்கள் வீட்டுக்கு வருவீர்கள். விளக்குக்கு யார் கையெழுத்துப் போடவில்லை என்று எந்த ஃபைலில் தேடுவீர்கள்?

கோபத்தில் எழுதியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். புது விமானமோ சம்பள உயர்வோ கேட்கவில்லை. விளக்கு வேண்டும், ஐயா. உடையாத ஏணி ஒன்று வேண்டும். ஹைமாஸ்டுக்கு நாளாகும் என்றால் ஜெனரேட்டரில் ஓடும் விளக்காவது இந்த வாரமே தரச் சொல்லுங்கள்.

நேரில் பார்ப்பதாக இருந்தால் ராத்திரி இரண்டரைக்கு வாருங்கள். கேட்டிலிருந்து நாங்களே அழைத்துப் போகிறோம், வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது, இருட்டில் தெரியாது.

இப்படிக்கு,
இரவு ஷிப்ட் டெக்னீசியன்கள்