வேலைப் பயிற்சியும் நம் வழிபாட்டுத் தலங்களும்: அமெரிக்கத் தமிழர் அமைப்புகளின் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோயில் அறங்காவலர்களுக்கும், திருச்சபை மூப்பர்களுக்கும், பள்ளிவாசல் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் தமிழர்கள் கூடும் எந்த வழிபாட்டுத் தலத்திலும், வழிபாடு முடிந்து சாப்பாட்டுக் கூடத்தில் நிற்கும்போது ஒரே மாதிரியான பேச்சு காதில் விழுகிறது. "லே-ஆஃப் ஆகிவிட்டது, எங்காவது இருந்தால் சொல்லுங்கள்." "பிள்ளைகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள், இத்தனை வருடம் வீட்டில் இருந்தவளை இனி யார் எடுப்பார்கள்?" "அப்பாவுக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது, ஏதாவது வேலை செய்யவேண்டும் என்கிறார், ஆங்கிலம்தான் இடிக்கிறது." யாராவது ஒரு நல்ல மனிதர் ரெஸ்யூமேவைத் திருத்திக் கொடுக்கிறார், தெரிந்த மேனேஜருக்கு ஒரு மின்னஞ்சல் போடுகிறார். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடுகிறது.

இவர்களுக்காகவே மத்திய அரசு பணம் ஒதுக்குகிறது. 2014 ஜூலையில் கையெழுத்தான தொழிலாளர் புத்தாக்க, வாய்ப்புச் சட்டம், துறைக்குள் வியோவா என்று சொல்லப்படுவது, அதன் அடிப்படை. அதற்கு முன் 1998-ம் ஆண்டின் சட்டம் இருந்தது. வேலை இழந்தவர்கள், வருமானம் குறைந்தவர்கள், படிப்பை விட்ட இளைஞர்கள் ஆகியோருக்குப் பயிற்சியும் வேலை தேடும் உதவியும் தருவதே இதன் நோக்கம். குடியுரிமை இருந்தால்தான் என்றும் இல்லை. நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்கள், அகதிகள், தஞ்சம் பெற்றவர்கள், வேலை செய்ய அரசின் அனுமதி பெற்ற குடியேறிகள் ஆகியோரும் பங்கேற்கலாம் என்று சட்டமே சொல்கிறது. ஈழத்திலிருந்து தஞ்சம் தேடி வந்தவரும், கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வந்து வேலை அனுமதி அட்டை வாங்கிய பெண்ணும் அதில் அடக்கம். ஆனால் நம் சபைகளில் இந்தத் தகவலைச் சொல்வார் இல்லை.

இந்தப் பேச்சை எடுத்தால் நிர்வாகிகளிடமிருந்து இரண்டு பதில்கள் வருகின்றன. மத அமைப்புக்கு அரசுப் பணம் தரமாட்டார்கள் என்பது ஒன்று. வாங்கினால் சாமி படத்தைக் கழற்றச் சொல்வார்கள் என்பது இன்னொன்று. இரண்டுமே சரியில்லை.

2001 ஜனவரியில் அதிபர் ஜார்ஜ் புஷ் வெள்ளை மாளிகையில் மத, சமூக அமைப்புகளுக்கென ஓர் அலுவலகம் திறந்தார். அதே நாளில் தொழிலாளர் துறை உட்பட ஐந்து துறைகளில் அதற்கான மையங்களை அமைக்க உத்தரவிட்டார். 2002 டிசம்பரில் வந்த நிர்வாக ஆணை, மத அமைப்பு என்ற காரணத்துக்காகவே ஒரு விண்ணப்பத்தை ஒதுக்கக் கூடாது என்றது. தொழிலாளர் துறை அதை 2004-ல் தன் விதிகளில் சேர்த்தது. அதன்படி உங்கள் பெயரை மாற்ற வேண்டாம். சிலுவையையோ சிலையையோ மறைக்க வேண்டாம். நிர்வாகக் குழுவை மத அடிப்படையில் தேர்ந்தெடுப்பதையும் நிறுத்த வேண்டாம். பின்னால் வந்த அதிபர்கள் நிபந்தனைகளைத் திருத்தினார்களே தவிர, யாரும் இந்தக் கதவைச் சாத்தவில்லை. 2025 பிப்ரவரியில்கூட வெள்ளை மாளிகையில் நம்பிக்கை அலுவலகம் என்ற ஒன்று புதிதாக அமைந்தது.

அதற்கும் முன்பே வழிகாட்டிகள் இருந்தார்கள். பாஸ்டனில் 1902-ல் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் போதகர் தொடங்கிய வேலைதான் இன்றைய குட்வில் தொண்டு நிறுவனம். பழைய துணிமணிகளையும் பொருள்களையும் சேகரித்து, அவற்றைச் செப்பனிடும் வேலையை ஏழைகளுக்கே கொடுத்தார். 1964-ல் ஃபிலடெல்ஃபியாவில் சயன் பாப்டிஸ்ட் சபையின் போதகர் லியான் சல்லிவன், கைவிடப்பட்ட ஒரு பழைய சிறைக் கட்டடத்தில் தொழிற்பயிற்சி மையம் திறந்தார். கறுப்பின இளைஞர்களை வேலைக்கு எடுக்காத நிறுவனங்களை அவருடைய சபையும் மற்ற சபைகளும் புறக்கணித்துப் போராடி, வாசலைத் திறக்க வைத்திருந்தன. திறந்த பிறகு உள்ளே போக ஆட்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று அவர் கண்டார். அரசு நிதி அந்த மையத்துக்கு வந்தது, பல நகரங்களுக்கு அது பரவியது, 1967-ல் அதிபர் ஜான்சனே நேரில் வந்து பார்த்தார். சல்லிவன் போதகராகவே இருந்தார். மையத்தில் சொல்லிக்கொடுத்தது தொழில்.

நான் உங்களிடம் சொல்ல வருவதும் அதுதான். போங்கள், தயங்காமல் போங்கள். ஆனால் அக்கம்பக்கத்தில் உள்ள எல்லோருக்குமான தொழில் வகுப்பை நடத்துகிறவர்களாகப் போங்கள். அந்தப் பணம் எல்லா மதத்தாரும் எந்த மதமும் இல்லாதவரும் கட்டிய வரி. நம் ஆட்களுக்கு மட்டும் என்ற எண்ணம் மனதின் ஓரத்தில் இருந்தால்கூட, தயவுசெய்து விண்ணப்பிக்காதீர்கள்.

கடினமாகத் தோன்றும் நிபந்தனைகள் சில இருக்கின்றன. முதலாவது, பயிற்சிக்கு வருபவரை மதம் பார்த்துச் சேர்க்கவோ விலக்கவோ கூடாது. நேரடியாக அரசு மானியத்தில் நடக்கும் வகுப்பில் பூஜை, ஜெபம், பிரசங்கம், வேதபாடம் எதுவும் கலக்கக் கூடாது. அவற்றை வேறு நேரத்திலோ வேறு இடத்திலோ, விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் நடத்தலாம். "விருப்பமுள்ளவர்களுக்கு" என்பதில் நாம்தான் ஏமாந்துபோவோம். வகுப்பு ஆறரைக்கு, ஆரத்தி ஆறுக்கு, எல்லோரும் இருந்துவிட்டுப் போகலாமே என்று அன்பாகச் சொல்வது நமக்கு இயல்பு. வேலை இல்லாமல், கையில் காசில்லாமல் வந்து நிற்பவருக்கு அந்த அன்பான அழைப்பை மறுக்கும் தைரியம் வராது. மறுத்தால் பரிந்துரைக் கடிதம் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற கவலை உள்ளே இருக்கும். அழைப்பவருக்கு அது தெரியாது, அழைக்கப்பட்டவருக்குத் தெரியும். அதனால் வகுப்புக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் வழிபாடே வைக்காமல் இருப்பது நல்லது. சட்டம் இவ்வளவு கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

டெக்சஸில் 1990-களின் இறுதியில் நடந்த ஒரு வேலைப் பயிற்சித் திட்டத்தில் பாடமே பைபிளை வைத்து நடந்தது, பைபிள் வாங்கவும் அரசுப் பணம் போனது. 2000-ல் அமெரிக்க யூத காங்கிரஸ் என்ற யூதர் அமைப்பும் மாநிலத்தின் ஒரு குடிமை உரிமை அமைப்பும் வழக்குப் போட்டன. அதை நடத்தியவர்கள் கெட்ட எண்ணத்தோடு தொடங்கினார்கள் என்று நான் நினைக்கவில்லை. வாழ்க்கை மாறினால்தான் வேலை நிலைக்கும், நம்பிக்கை வந்தால்தான் வாழ்க்கை மாறும் என்று அவர்கள் மனதார நம்பியிருக்கலாம். நம்மிலும் பலர் அப்படி நம்புகிறோம். அதை நம் சொந்தக் காசில், நம் சொந்த நேரத்தில் செய்ய நமக்கு முழு உரிமை உண்டு.

மானியம் இல்லாமல் இன்னொரு வழியும் இருக்கிறது. பயிற்சி பெறுபவரின் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, மாநிலம் அங்கீகரித்த பட்டியலிலிருந்து எங்கே படிப்பது என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அவர் தேர்ந்தெடுத்தால் பணம் அந்த நிறுவனத்துக்குப் போகும். தேர்வு உண்மையிலேயே அவருடையதாக இருந்தால், இந்த வழியில் மத அம்சம் பற்றிய விதிகள் தளர்வாக இருக்கின்றன. ஆனால் பட்டியலில் இடம்பிடிக்க எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்றெல்லாம் காட்ட வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அது எளிதல்ல.

அடுத்தது ஆள் எடுப்பது. மத அமைப்புகள் தம் மதத்தாரையே வேலைக்கு வைத்துக்கொள்ள 1964-ம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம் விலக்கு தருகிறது. குருக்கள் பதவிக்கும் போதகர் பதவிக்கும் அது நியாயம். வியோவா சட்டத்தின் 188-ம் பிரிவோ அந்தப் பணத்தில் நடக்கும் வேலைகளில் மதப் பாகுபாடு கூடாது என்கிறது. 1993-ம் ஆண்டின் மதச் சுதந்திர மீட்புச் சட்டத்தைக் காட்டி விலக்கு கேட்க வழி உண்டு, சில பெரிய அமைப்புகள் கேட்டும் இருக்கின்றன. நாம் கேட்கக் கூடாது என்பது என் கருத்து. எக்செல் சொல்லித்தரும் ஆசிரியருக்கு நம் சாமியைக் கும்பிடத் தெரிய வேண்டிய அவசியம் என்ன? இங்கே நமக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது, அதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். வேலை அறிவிப்பைக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடுவது, குழு உறுப்பினரின் மைத்துனருக்கு வேலை கொடுப்பது, ஊரும் சாதியும் விசாரித்துவிட்டுத்தான் ஒருவரைச் சேர்ப்பது, இதெல்லாம் நம் அமைப்புகளில் நடக்காதது இல்லை. இந்தப் பழக்கத்தோடு பொதுப் பணத்தைத் தொட்டால் முதலில் காயப்படுவது, கூச்சத்தோடு வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகும் ஏழைதான்.

கட்டட வேலை பற்றி ஒரு வார்த்தை. கோபுரத்துக்கு வண்ணம் அடிக்க, பிரார்த்தனைக் கூடத்தைச் சீரமைக்க, பயிற்சிக்கு வந்தவர்களை அனுபவத்துக்காக என்று சொல்லி அனுப்பாதீர்கள். வழிபாட்டுக்கான இடத்தைக் கட்டுவதிலும் நடத்துவதிலும் பராமரிப்பதிலும் இந்த நிதியில் இருப்பவர்களை வேலைக்கு வைக்கச் சட்டம் தடை போடுகிறது. பராமரிப்புக்கு ஒரு சின்ன விதிவிலக்கு இருக்கிறது, அதை நம்பி இறங்க வேண்டாம்.

கணக்குவழக்கை நம் பொருளாளர்கள் சமாளித்துவிடுவார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசுப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். உண்டியல் பணத்தையும் அதையும் கலந்தால், கலந்த பணம் முழுவதும் அரசு விதிகளுக்குள் வந்துவிடும். பல ஒப்பந்தங்களில் நாம் முதலில் செலவழித்து ரசீது காட்டிய பிறகே பணம் வரும். சில மாதச் செலவைத் தாங்கும் கையிருப்பு இல்லாத அமைப்பு இதில் இறங்கக் கூடாது. பயிற்சிக்கு வருபவர்களிடம் அவர்களுடைய மத உரிமைகளை எழுத்தில் தரவேண்டும் என்ற விதியும் ஆட்சிக்கு ஆட்சி மாறிவந்திருக்கிறது. 2010-ன் ஆணை அதைக் கொண்டுவந்தது, 2020-ல் எடுத்தார்கள், 2024-ல் திரும்ப வைத்தார்கள். கையெழுத்துப் போடும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். விதி இருக்கிறதோ இல்லையோ, அந்த உரிமைகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? பணத்திலிருந்து தொடங்காதீர்கள். நாடு முழுவதும் 2,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வேலைவாய்ப்பு மையங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தொழிலாளர் மேம்பாட்டு வாரியம் உண்டு, அதன் உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் உள்ளூர்த் தொழில் நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள். அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. அங்கே போய் உட்காருங்கள். எங்களிடம் கூடம் இருக்கிறது, வாகனம் நிறுத்த இடம் இருக்கிறது, தமிழ் பேசும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். மாதம் ஒருமுறை மையத்தின் ஆலோசகர் நம் கூடத்துக்கே வந்து பதிவுசெய்யட்டும். ஆங்கிலம் வராத பெரியவரின் பக்கத்தில் ஒரு தன்னார்வலர் உட்காரட்டும். பக்கத்துத் தெருவில் இருக்கும் ஸ்பானிய மொழிக் குடும்பமும் வரட்டும். அரசு ஆலோசகரோடு உட்கார்ந்து வேலை செய்தாலே, இந்தத் திட்டங்களில் எது நமக்கு முடியும், எது முடியாது என்று தெரிந்துவிடும். விண்ணப்பத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நம் இடத்தில் நடக்கும் வேலைப் பயிற்சி மதம், சாதி, நாடு, மொழி பாராமல் எல்லோருக்கும் திறந்தது என்றும், அதில் சேரவோ தொடரவோ முடிக்கவோ வழிபாடு ஒரு நிபந்தனை ஆகாது என்றும் அதில் எழுதுங்கள். நிறைவேறினால் அதன் நகலை உங்கள் பகுதி வாரியத்துக்கு அனுப்பி, சந்திக்க நேரம் கேளுங்கள். நிறைவேறாவிட்டால் ஏன் நிறைவேறவில்லை என்பதைச் சபையாருக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள், அதுவரை இந்த நிதியின் பக்கம் போகாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் சபைகளில் ஒன்றில் வேலை தேடுவோருக்கு உதவிவரும் தன்னார்வலர்