அந்த நவம்பர் வீடியோ உன்னிடம் இருக்கிறதா?

அன்புள்ள சிவா,

பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவள் பத்தாவது போய்விட்டாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் எலக்ட்ரிக் கார் படுத்துவிட்டது. ஜூனில் ஒரு ராத்திரி வழக்கம்போலச் சார்ஜரை மாட்டினேன். பச்சை விளக்கு இரண்டு தடவை மினுக்கிச் சிவப்பானது. காலையிலும் அதே 23 சதவீதம். பைபாஸ் பக்கம் இருக்கிற ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டால் மட்டும் ஏறுகிறது. வீட்டுக்கு வரும் ஏசி (மாறுதிசை) கரண்டை டிசியாக (நேர்திசை) மாற்றுவது காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர்; ஃபாஸ்ட் சார்ஜர் அதைத் தொடாமல் நேரே பேட்டரிக்கு டிசி கொடுக்கும். ஆக, போனது அந்தப் பெட்டிதான்.

அதை மாற்ற சர்வீஸ் சென்டர் கொடுத்த எஸ்டிமேட் 1,84,000 ரூபாய். பேட்டரிக்குத்தான் 8 வருஷமாம். இந்தப் பெட்டி வண்டியோட 3 வருஷ வாரண்டியில் சேருமாம், அது பிப்ரவரியோடு முடிந்ததாம்.

நானும் கட்டியிருப்பேன். ஆனால் பீரோவில், சர்வீஸுக்கு விட்டபோது அவர்கள் புகாரை எழுதிக் கொடுத்த இரண்டு பழைய ஜாப் கார்டு கிடைத்தன. 2024 நவம்பரில் ஒன்று, 2025 ஜனவரியில் ஒன்று. இரண்டிலும் “சார்ஜிங் பாதியில் நிற்கிறது” என்று என் புகார். கீழே, சாப்ட்வேர் அப்டேட் செய்ததாக ஒரே வரி. கோளாறு வாரண்டிக்குள் வந்தது சிவா! பார்க்காமல் அனுப்பியது அவர்கள்.

மேனேஜரிடம் காட்டினேன். “அது வேற பிரச்சினை சார், உங்க வீட்டு எர்த் சரியில்ல” என்றார். எழுதித் தாருங்கள் என்றேன், தரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் போட்டுப் புகார் பதிந்தபின் பாதி விலைக்கு இறங்கி வந்தார்கள், அதுவும் சலுகையாம். அந்த வார்த்தைதான் இன்னும் சுடுகிறது. சலுகை கேட்டா போனேன்?

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடப்போகிறேன். வண்டி விலை 16 லட்சம் என்பதால் கட்டணம் 400 ரூபாய்தான். வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷம் அவகாசமும் இருக்கிறது.

இப்போது நீதான் வேண்டும். அந்த நவம்பரில் தஞ்சாவூரில் உன் வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டியபோதும் இதேபோல நின்றதே. “வண்டிக்கும் தூக்கம் வந்துடுச்சுடா” என்று வாசப்படியில் உட்கார்ந்து போனில் எடுத்தாயே. அந்த வீடியோ இருந்தால் எர்த் கதை நிற்காது. அழித்துத் தொலைத்திருந்தாலும், கண்ணால் பார்த்ததை ஒரு பிரமாணப் பத்திரமாகத் தருவாயா?

உன் வண்டிக்கும் வாரண்டி முடிய நாலு மாசம்தானே இருக்கிறது? ஏதாவது சத்தம் கித்தம் இருந்தால் இப்போதே கொண்டுபோய் விடு. நீ சொன்னதைச் சொன்னபடியே ஜாப் கார்டில் எழுதும்வரை கையெழுத்துப் போடாதே.

வீடியோவை இன்று ராத்திரியே தேடு.

அன்புடன்,
குமார்