இசைத்தட்டுத் தொகுப்பு குறைபாட்டுடன் அனுப்பப்பட்டமை தொடர்பான முறைப்பாடு

நல்லூர்,
யாழ்ப்பாணம்.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த ஃப்ளீட் ஃபொக்சஸ் என்னும் நாட்டாரிசைக் குழு 2008 ஆம் ஆண்டில் தன் பெயரிலேயே வெளியிட்ட முதலாவது தொகுப்பின் இசைத்தட்டுப் பதிப்பை, 18,500 ரூபா முழுத் தொகையையும் முன்கூட்டியே செலுத்தித் தங்களிடம் வாங்கினேன். கடந்த செவ்வாய்க்கிழமை கூரியரில் வந்த பொதியில் ஒரு தட்டு மட்டுமே இருந்தது.

இப்பதிப்பில் இரண்டு தட்டுகள் உண்டு. 11 பாடல்கள் கொண்ட தொகுப்புடன், அதே ஆண்டில் அதற்குச் சற்று முன்னர் வெளியான 5 பாடல்களின் சிறு தொகுப்பும் சேர்ந்தே வரும். தங்கள் விளம்பரமும் "இரண்டு தட்டுகள்" என்றே கூறுகிறது. வெளியுறையின் மெல்லிய பிளாஸ்ரிக் தாள் ஓரிடத்தில் வெட்டப்பட்டு மீண்டும் ஒட்டப்பட்டிருந்ததால், பொதி என் கைக்கு வருமுன்னரே திறக்கப்பட்டிருக்கிறது என்று கருதுகிறேன்.

வந்த தட்டும் வளைந்துள்ளது. சுழலவிட்டால் ஓரம் ஒரு பக்கத்தில் விரலளவு எழும்பித் தாழ, ஊசிக் கையும் அதனோடு ஏறி இறங்குகிறது. வளைவின் பாதிப்பு வெளியோரத்திலேயே அதிகம் என்பதால் முதலிரு பாடல்களும் கெட்டுப்போயின. அவை இரண்டுமே வாத்தியத் துணையின்றி, குரல்கள் மட்டும் சேர்ந்து ஒலிக்கத் தொடங்குபவை. இரண்டாவது பாடலில் ஒரே சொற்றொடரை ஒருவர் பின் ஒருவராக ஏற்றுப் பாடிக் குரல்களை அடுக்கும் இடத்தில் சுருதி தள்ளாடுவதைச் சங்கீதம் படிக்கும் என் மகளே முதலில் கண்டுபிடித்தாள்.

அட்டையையும் குறிப்பிடாமல் விட முடியவில்லை. பீற்றர் புறூகல் 1559 இல் வரைந்த, நூற்றுக்கு மேற்பட்ட பழமொழிகளை மனிதர்கள் நடித்துக்காட்டும் ஓவியமே அதில் அச்சாகியுள்ளது. கைபேசித் திரையில் புள்ளியாகத் தெரியும் அந்த உருவங்களைப் பன்னிரண்டு அங்குல அட்டையில் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்பதற்காகவே இசைத்தட்டாக வாங்கினேன். அதன் ஒரு மூலை நசுங்கி, அச்சு உரிந்துவிட்டது. தடித்த மட்டையேதும் வைக்காமல், வெறும் கடதாசி உறையில் இட்டு, வெயிலில் நாள் முழுவதும் ஓடிவரும் வாகனத்தில் ஏற்றினால் வேறென்ன நடக்கும்?

தொலைபேசியில் பேசிய தங்கள் ஊழியர், பாட்டு கேட்கிறதுதானே என்றும், அடுத்த கொள்வனவில் பத்து வீதக் கழிவு தருவதாகவும் கூறினார். எனக்குக் கழிவு வேண்டாம். நான் பணம் கொடுத்த பொருள் முழுமையாக வேண்டும்.

ஆகவே, இரண்டு தட்டுகளும் அடங்கிய, திறக்கப்படாத புதிய பிரதியொன்றைத் தகுந்த பெட்டியில் தங்கள் செலவில் அனுப்பிவைத்து, பழுதான பிரதியைத் தாங்களே மீளப் பெற்றுக்கொள்ள வேண்டும்; இயலாதெனில் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். பதினான்கு நாட்களுக்குள் எழுத்துமூலப் பதில் கிடைக்காவிடின் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவேன். பற்றுச்சீட்டின் பிரதியும் ஒளிப்படங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளர்.