கத்திரி காய்த்ததா?

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அப்பாவும் நலம். உங்கள் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வந்ததிலிருந்து மனசு அங்கேயே கிடக்கிறது. போனில் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீயும் மருமகளும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு கவலை வந்திருக்காது. பால் வாங்கியாச்சா, இஎம்ஐ போச்சா, பாப்பாவை யார் கூட்டி வருவது, பத்து நாளில் உங்களுக்குள் நான் கேட்ட பேச்சு அவ்வளவுதான். அதிலும் பாதி, ஒரே வீட்டுக்குள் வாட்ஸ்அப்பில்.

நானும் அப்பாவும் இப்படி இருந்திருக்கிறோம். அவர் குவைத்தில் இருந்தபோது இல்லை. அப்போது மாதம் இரண்டு கடிதம் வரும், ஊருக்கு வருகிறவர் கையில் கேசட்டில் பேசிக் கொடுத்தனுப்புவார். அறையில் யார் குறட்டை விடுகிறார், குழம்பு எப்படித் தீய்ந்தது, எல்லாம் அதில் இருக்கும். 2001-இல் ஒரேயடியாகத் திரும்பி வந்தாரே, அதற்குப் பிறகுதான் தூரம் வந்தது. அவர் இல்லாமலே அடிபம்பு போட்டு, ஓடு மாற்றி, உன் பீஸ் கட்டிப் பழகியவள் நான். "யாரைக் கேட்டுச் செஞ்சே?" என்பார். சுருக்கென்று இருக்கும். சொல்வதையே விட்டுவிட்டேன். அவரும் கேட்பதை விட்டார். ஒரே திண்ணையில் ஆளுக்கொரு ஓரமாக மூன்று வருஷம்.

ஒருநாள் ராத்திரி கரண்ட் போயிற்று. விசிறிக்கொண்டு கிடந்தவள், ஏனோ, "தொண்ணூறுல எப்படித்தான் வந்து சேந்தீங்க?" என்று கேட்டேன். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்த பிறகு 41 நாள் அவரிடமிருந்து ஒரு வரி இல்லை. அப்பா மெல்லச் சொல்ல ஆரம்பித்தார். பஸ்ஸில் பஸ்ரா, பாக்தாத், ஜோர்டான் எல்லை. பாலைவனத்தில் கூடாரம், தண்ணீருக்கு வரிசை. அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானம். அப்படி 1,70,000 பேரைக் கூட்டி வந்தார்கள் என்று பேப்பரில் படித்திருந்தேன். அதில் ஒருவர் உன் போட்டோவை பாலிதீன் உறையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தது பதினான்கு வருஷம் எனக்குத் தெரியாது. நான் பயந்துவிடுவேன் என்று சொல்லவில்லையாம். அந்த 41 நாளும் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலுக்குப் போகப் பயந்து கொல்லையில் நின்றதை நானும் அன்றைக்குத்தான் சொன்னேன். விடிய விடியப் பேசினோம். மறுநாளே எல்லாம் சரியாகிவிடவில்லை. "யாரைக் கேட்டு" இன்றைக்கும் வரும். ஆனால் கேட்கிறார், நானும் சொல்கிறேன்.

நைட் ஷிப்ட் உன்னை எப்படி வாட்டுகிறது என்று கண்ணால் பார்த்தேன். அது வெறும் களைப்புதான் என்று எனக்குத் தெரிகிறது. மருமகளுக்கு யார் சொல்வது?

நான் கிளம்புவதற்கு முதல்நாள், பால்கனித் தொட்டியில் அவள் வைத்த கத்திரிச் செடி முதல் பூ விட்டிருந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டு வேகமாக உன் அறைக்குப் போனாள். நீ ஹெட்போனோடு இருந்தாய். நிலைப்படியிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்து என்னிடம் காட்டினாள். நான் பூவைப் பார்க்கவில்லை தம்பி, அவள் முகத்தைத்தான் பார்த்தேன்.

இருபது நாள் ஆகிறது. காய் பிடித்ததா என்று அவளிடம் கேள். பால்கனிக்கு எழுந்து போய்க் கேள்.

அன்புடன்,
அம்மா