காருக்கடியிலிருந்து ஒரு பதில்

முரசுமோட்டை, கிளிநொச்சி
ஆவணி 2025

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்ற செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கும் யாவரும் நலம். சிறுபோக அறுவடை முடிந்து நெல்லும் வீடு வந்து சேர்ந்துவிட்டது. கடிதத்தின் கடைசியில், இந்த வயதில் எதற்காகக் காருக்கடியில் போய்ப் படுக்கிறாய், கராஜில் விட்டால் ஆகாதா என்று கேட்டிருந்தாய். அதற்கு மட்டும் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

காசு மிச்சம் என்பது உண்மைதான், ஆனால் அது சிறிய காரணம். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய அரசாங்கம் தனியார் கார்களுக்கு மீண்டும் கதவைத் திறந்தது இந்த ஆண்டு மாசியில்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களும் அவற்றின் உதிரிப்பாகங்களும் யானை விலை குதிரை விலைக்குப் போயின. கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் சொல்லிவைத்து, இரவு பஸ்ஸில் போட்டுவிடச் செய்து, விடியற்காலையில் பரந்தன் சந்தியில் போய் நின்று வாங்கிவருகிறோம். அப்படி வாங்கும் பாகம் உண்மையிலேயே பழுதானதற்கு மாற்றாக இருக்க வேண்டும் அல்லவா? என் மனநிறைவு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

சென்ற மாரி முடிந்த கையோடு நம் பழைய ஆங்கிலேயக் கார் மோரிஸ் மைனர் ஒரு புதுக் குணம் காட்டியது. காலையில் நன்றாக ஓடும். எஞ்சின் சூடேறியதும் முல்லைத்தீவு வீதியில் எங்காவது நின்றுவிடும். சற்று ஆறவிட்டால் ஒன்றுமே நடவாததுபோல மறுபடி புறப்படும். கராஜ் ஒன்றில் காட்டியபோது, பொனற்றைத் திறந்து பார்த்த மாத்திரத்தில் பொறிக்கு மின்சாரம் தரும் கொயிலை மாற்று, பற்றறியையும் மாற்று என்றார்கள். நான் வண்டியை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்து, வேப்பமர நிழலில் நிறுத்தி, சூடேறி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்டேன். நின்றதும் சாவியைத் திருப்பிக் காதைக் கொடுத்தேன். இந்தக் காரில் பெற்றோல் பம்ப் மின்சாரத்தில் இயங்குவது உனக்கு நினைவிருக்கும். காபிரேற்றரின் கிண்ணம் நிறையும்வரை டிக் டிக்கென்று அடித்து, நிறைந்ததும் ஓய்ந்துவிடும். அது முறையாக ஓய்ந்தது, ஆகவே பெற்றோலில் குறையில்லை. பிறகு சிலிண்டர்களுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூற்றரின் மூடியைக் கழற்றி, அதனுள்ளே மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பொயின்ற் மூடியிருக்கும் நிலைக்கு எஞ்சினைத் திருப்பி, ஸ்குரூ டிரைவர் நுனியால் பொயின்றை மெல்ல விலக்கினேன். அங்கே எழக்கூடாத அளவுக்குப் பெரிய மஞ்சள் பொறி ஒன்று படீரென்று தெறித்தது. பொயின்ற் விலகும்போது பொறி எழாமல் தடுப்பது கொண்டென்சரின் வேலை. குளிரில் ஒழுங்காக இருந்து சூட்டில் செயலிழப்பது பழுதான கொண்டென்சரின் இயல்பு. கொயிலுக்கும் பற்றறிக்கும் கேட்ட தொகையோடு ஒப்பிட்டால் விலையென்றே சொல்ல முடியாத, கட்டைவிரலளவு பொருள் அது. புதியதைப் பூட்டி, கருகியிருந்த பொயின்றையும் மாற்றி, இடைவெளியை அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்குக்கு அமைத்தேன். வண்டி அதன்பின் வழியில் நிற்கவில்லை. உண்மையைச் சொன்னால், வண்டி ஓடியபோது வந்த மகிழ்ச்சியைவிட அந்த மஞ்சள் பொறியைக் கண்டபோது வந்த மகிழ்ச்சியே பெரிது. அதன் பிறகு நடந்ததெல்லாம் வெறும் கைவேலை.

இந்தப் பழக்கம் நம்மிருவருக்கும் எப்போது தொற்றியது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காதபோது உன் அப்பாவின் காரைச் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினோமே, அப்போது ஒயில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடுவதைக் கண்டு திகைத்தோம். அளவுக் கம்பியை மணந்து பார்த்த உன் அப்பாதான், ஆவியாகாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து, எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் சம்புக்குள் இறங்குகிறது, இப்படியே விட்டால் பேரிங் தேய்ந்துவிடும் என்று விளக்கினார். அந்தக் காலத்தைச் சிலர் இப்போது பெருமையாகப் பேசுவது எனக்கு உவப்பில்லை. நல்ல எஞ்சின்கள் எத்தனையோ மண்ணெண்ணெயில் வீணாய்ப் போயின. ஆயினும் பழுது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அதைத் தேடினால் அகப்படும் என்ற எண்ணம் அந்த நாட்களில்தான் என் மனத்தில் பதிந்தது.

காரணம் தெரிந்தவனுக்குப் பராமரிப்பும் சுமையாகத் தெரிவதில்லை. மோரிஸ் மைனரின் முன்சக்கரங்கள் டிரனியன் எனும் மரைபோட்ட மூட்டுகளில்தான் திரும்புகின்றன. அவற்றில் கிரீஸ் வற்றினால் மரை தேய்ந்து, ஒரு நாள் சக்கரம் மடிந்து உள்ளே விழுந்துவிடும். சோளகக் காற்றில் உள்வீதிகளின் கிரவல் தூசி எங்கும் புகுந்துவிடுகிற நம் பகுதியில் அதைத் தள்ளிப்போட முடியாது. கிரீஸ் கன்னை அழுத்த அழுத்த, பழைய கறுத்த கிரீஸ் மணலோடு வெளியே தள்ளுப்பட்டு, பின்னால் புதியது தெளிவாக வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு சுகம் உண்டு. றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடுவதில்லை, சுண்ணாம்பு படிந்துவிடும். மழைநீரைச் சேமித்து வைத்திருக்கிறேன். கழற்றிய ஒயிலை, கறையான் அரிக்காமல் வேலிக் கட்டைகளுக்குப் பூசவென்று அயலவர்கள் கேட்டு வாங்கிப்போகிறார்கள். கிணற்றடியில் மட்டும் பூசாதீர்கள் என்று சொல்லியே கொடுக்கிறேன்.

பயப்படாதே, ஜக்கை மட்டும் நம்பி அடியில் போவதில்லை. இந்த மண்ணில் ஜக் புதையும். ஆகவே கீழே பலகை, சேஸிக்கு இருபுறமும் பாலைமரக் குற்றிகள். பிரேக் வேலையை எவரும் விளையாட்டாகத் தொடக்கூடாது என்பதும் என் உறுதியான கருத்து. அதுவும் இந்தக் காரில் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரை ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். இந்தக் காரை வடிவமைத்து மற்ற எல்லாவற்றையும் அழகாக அமைத்த இஸிகோனிஸ் அந்த ஒன்றில் மட்டும் நம்மேல் இரக்கம் காட்டவில்லை.

உன் கார் முழுக்கக் கணினி, அதில் நமக்கு வேலையில்லை என்று நீ எழுதியதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட புதிய கார்கள் எல்லாவற்றிலும் கணினி கண்ட பழுதை வாசிப்பதற்கு ஒரே வகைச் சொருகி இருக்கிறது. அதில் பொருத்தும் சிறு கருவி உங்கள் ஊரில் மலிவாகவே கிடைக்கும். ஆனால் அது தரும் இலக்கம், முறைப்பாடு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை மட்டுமே சொல்லும். பெற்றோலுக்குக் காற்று கூடிவிட்டது என்று அது சொன்னால் சென்சரை மாற்ற ஓடாதே. வெடித்த இறப்பர்க் குழாய் ஒன்று காற்றை இழுத்துக்கொண்டிருக்கலாம். நீயே பொனற்றைத் திறந்து பார்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். வரும்போது எனக்குச் சொக்கிலேற் வேண்டாம். அங்குல அளவு ஸ்பனர் செற் ஒன்று கொண்டுவா. இங்கே கடைகளில் மில்லிமீற்றர் ஸ்பனர்களே கிடைக்கின்றன. அரை அங்குல நட்டில் பதின்மூன்று மில்லிமீற்றர் ஸ்பனரைப் போட்டால் சற்றுத் தளர்ந்து நின்று மூலைகளைத் தேய்த்துவிடுகிறது. பதினாறில் ஒன்பது அங்குல நட்டுக்குப் பதினான்கு ஏறாது, பதினைந்து வழுக்கும். பதினாறில் ஏழு, அரை, பதினாறில் ஒன்பது ஆகிய மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். பெட்டியில் இடமிருந்தால், பொயின்ற் இடைவெளியை அளக்க, அங்குலத்தில் அளவு பொறித்த ஃபீலர் கேஜ் ஒன்றையும் வைத்துவிடு. என்னுடையதில் இலக்கங்கள் அழிந்துவிட்டன.

அன்புடன்,
உன் பழைய நண்பன்