ஜூன் 1 அன்று பிறந்தவர்கள்

வேலூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சேகர்,

நேற்று நீ போன் செய்தபோது கடையில் கூட்டம். பட்டா நகலுக்கு இரண்டு பேர் நின்றார்கள், நடுவில் பிரிண்டர் வேறு பேப்பரைக் கவ்விக்கொண்டது. "அப்புறம் பேசுறேன்டா" என்று வைத்துவிட்டேன். ஆனால் நீ கேட்டது ராத்திரி வரைக்கும் மனசிலேயே கிடந்தது. பேத்திக்குப் பதினொரு வயது, இன்ஸ்டாகிராம் வேண்டுமென்று அழுகிறாள், அவள் அம்மா முடியாது என்கிறாள், பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுக் கொடுத்துவிட்டால் என்ன, நீதான் இதிலெல்லாம் பழம் தின்று கொட்டை போட்டவனாயிற்றே என்றாய்.

உண்மைதான், கொட்டை போட்டவன்தான். அதனால்தான் சட்டென்று பதில் வரவில்லை.

இங்கே எல்லோரும் சுகம். எனக்கு மூட்டுவலி, படி ஏறினால் மட்டும். மகளும் பேரனும் ஒரு வருடமாக எங்களோடுதான் இருக்கிறார்கள். மாப்பிள்ளை துபாயில். பேரன் ஏழாம் வகுப்பு. அவன் கதைக்கு வருகிறேன், அதற்கு முன்னால் நம் கதை.

குடியாத்தத்தில் நம்மை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த நாள் உனக்கு நினைவிருக்கும். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார் ஹெட்மாஸ்டர். எட்டினால் ஐந்து வயது. எனக்கு எட்டியது. உனக்கு எட்டவில்லை, உன் அப்பா "தலையைக் கொஞ்சம் சாய்டா" என்றார், எட்டிவிட்டது. இரண்டு பேருக்கும் 1-6-1963 என்று எழுதிக்கொண்டார்கள். நான் மார்கழியில் பிறந்தவன் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். இப்போதும் ஜூன் 1 வந்தால் ஃபேஸ்புக் நம் இருவருக்கும் பலூன் பறக்கவிடுகிறது. வயதைச் சரிபார்க்கும் சோதனையைத் தலையைச் சாய்த்துத் தாண்டிய பரம்பரை நாம்.

அடுத்த பரம்பரைக்கு நானே தலையைச் சாய்த்துக் கொடுத்தேன். 2003இல் தோட்டப்பாளையத்தில் ஆறு கம்ப்யூட்டரோடு பிரவுசிங் சென்டர் போட்டேன், வந்து பார்த்திருக்கிறாய். மணிக்கு 20 ரூபாய். பகலில் சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்த வங்காளத்துக்காரர்கள், ரிப்போர்ட்டை ஸ்கேன் செய்து ஊருக்கு அனுப்ப வருவார்கள். சாயங்காலம் கல்லூரிப் பசங்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும். 2004இல், இப்போதைய ஃபேஸ்புக் மாதிரி, ஆர்குட் என்ற தளம் வந்தது. அதில் சேர 18 வயது ஆகியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பையன் உண்மையான வருடத்தைப் போட்டுவிட்டு, "அண்ணே, உள்ளே போக மாட்டேங்குது" என்று முழிப்பான். நான் கல்லாவிலிருந்தே "1985 போடுடா" என்பேன். எத்தனை பிள்ளைகளை 1985இல் பிறக்கவைத்தேனோ! ஒரு பிள்ளை உள்ளே போய்விட்டால் ஒரு மணி நேரம் நிச்சயம் உட்காருவான். எனக்கு 20 ரூபாய்.

அப்போது பதின்மூன்று வயது என்று ஒரு வரம்பு மற்ற தளங்களில் வரும். இந்த எண் எங்கிருந்து வந்தது என்று அப்போது நான் யோசித்ததில்லை, பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1998இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் போட்டார்கள், 2000 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் விவரங்களை வாங்குவதென்றால், சரிபார்க்கக்கூடிய முறையில் பெற்றோரின் சம்மதம் வாங்க வேண்டும். படிவத்தை அச்சடித்துக் கையெழுத்துப் போட்டுத் தபாலிலோ ஃபேக்ஸிலோ அனுப்பலாம், கிரெடிட் கார்டில் சின்னதாக ஒரு தொகை கட்டலாம், போனில் கூப்பிட்டு ஆளோடு பேசலாம். இந்தச் சம்மதம் வாங்கும் தொல்லையும் செலவும் எதற்கு என்று பெரும்பாலான கம்பெனிகள் "பதின்மூன்றுக்குக் கீழே இங்கே யாரும் இல்லை" என்று எழுதிவைத்துவிட்டன. பதின்மூன்று வயதில் பிள்ளைக்குப் பக்குவம் வந்துவிடும் என்று யாரும் அளந்து பார்த்துப் போட்ட எண் இல்லை அது. நம் ஹெட்மாஸ்டர் எழுதிய ஜூன் 1 மாதிரிதான்.

சம்மதம் வாங்கும் தளங்களும் இருந்தன. கிளப் பென்குவின் என்று ஒன்று, கனடாக்காரர்கள் 2005இல் தொடங்கி, 2007இல் டிஸ்னி வாங்கியது. பிள்ளைகள் பென்குவின் வேடத்தில் பனியில் சறுக்கி விளையாடுவார்கள், பேசிக்கொள்வார்கள். சேர வேண்டுமானால் அப்பா அம்மாவின் மின்னஞ்சலைத் தர வேண்டும், அங்கே போகும் இணைப்பை அவர்கள் அழுத்த வேண்டும். என் கடைக்கு வந்த இரண்டு பிள்ளைகள் இதைக் கேட்டார்கள். அப்பாவுக்கு மின்னஞ்சலே கிடையாது. நானே அவர் பெயரில் ஒன்று திறந்து, நானே சம்மதமும் கொடுத்தேன். சிரிக்காதே. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், வாசலில் ஏமாற்றிவிட்டு உள்ளே போனாலும் அங்கே பெரிதாக ஆபத்தில்லை. பேச்சைக் கண்காணிக்க ஆள் போட்டிருந்தார்கள். பெற்றோர் விரும்பினால், அவர்கள் தயாராக வைத்திருக்கும் வாக்கியங்களை மட்டும் பொறுக்கிப் பேசும்படி பூட்டிவைக்கலாம். போன் நம்பர் கேட்டால்கூட வராது. 2017இல் அதை மூடிவிட்டார்கள். இப்போதுள்ள தளங்களில் வாசலைப் பற்றித்தான் ஊரே பேசுகிறது.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருகிறேன். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வந்தன. பெற்றோர் சம்மதம் சம்பந்தப்பட்ட பகுதி அமலாக அதிலிருந்து 18 மாதம் அவகாசம். அதன்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைதான். பெற்றோர் சம்மதம் இல்லாமல் அவர்களின் விவரத்தைத் தொடக்கூடாது, பின்தொடர்ந்து நோட்டம் பார்க்கக்கூடாது, ஆளைக் குறிவைத்து விளம்பரம் காட்டக்கூடாது. மீறினால் கம்பெனிக்கு 200 கோடி ரூபாய் வரை அபராதம். நோட்டமும் விளம்பரமும் கூடாது என்ற பகுதிக்கு நான் கை தட்டுவேன். வயது விஷயத்தில்தான் எனக்குத் திருப்தியில்லை. ஏழாம் வகுப்புப் பையனும், காட்பாடி ஸ்டேஷனில் பெட்டியோடு இறங்கி கல்லூரியில் சேர வரும் பதினேழரை வயதுப் பெண்ணும் ஒரே தராசில் நிற்கிறார்கள்.

சம்மதம் தருகிறவர் இன்னார் என்று அடையாளம் தெரிந்த, வயது வந்த பெரியவர்தானா என்று கம்பெனி பார்க்க வேண்டும். ஏற்கெனவே அவர்களிடம் உள்ள விவரத்தை வைத்துப் பார்க்கலாம், அல்லது அரசின் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் மாதிரி இடத்திலிருந்து, இவர் பெரியவர்தான் என்று சொல்லும் ஒரு டோக்கன் வாங்கலாம். டோக்கன் நல்ல யோசனை, ஆதார் நகலைத் தூக்கிக் கொடுக்க வேண்டாம். ஜெராக்ஸ் கடைக்காரனுக்குத்தான் ஆதார் நகலின் மரியாதை தெரியும், போன மாதம் எனக்கு மிளகாய் பஜ்ஜி கட்டிக்கொடுத்ததே யாரோ ஒருவரின் ஆதாரில்தான். அந்தப் பெரியவர் பெரியவர்தானா என்று பார்க்க வழி சொன்ன விதி, அவர் அந்தப் பிள்ளையைப் பெற்றவர்தானா என்று பார்க்க வழி சொல்லவில்லை. இன்னும் சென்டர் வைத்திருந்தால் தோட்டப்பாளையத்துக்கே நான் அப்பனாகியிருப்பேன்.

இதைவிடப் பெரிய ஓட்டை நம் வீடுகளில் இருக்கிறது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறாள். காலை ஆறரைக்கு பஸ். வேலை செய்யும் இடத்துக்குப் போன் கொண்டுபோக முடியாது என்பதால் வீட்டில் வைத்துவிட்டுப் போகிறாள். பிள்ளையின் பள்ளியிலிருந்து வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது. வாட்ஸ்அப்புக்கே பதின்மூன்று வயது வரம்பு, பிள்ளை படிப்பது நான்காம் வகுப்பு! அம்மா பெயரில் சிம், அம்மா எண்ணுக்கு ஓடிபி, ஆனால் போன் பிள்ளையின் கையில். அந்த ஓடிபியைத் தட்டுவது யார்? போனில் ஏதாவது மாட்டிக்கொண்டால் அம்மாவே பிள்ளையைத்தான் கூப்பிடுகிறாள். பெற்றவர் மேற்பார்வை பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்லும் பொருளை, பெற்றவருக்குக் கற்றுக்கொடுப்பதே பிள்ளைதான்.

என் பேரனும் இதைத்தான் செய்தான். என் பழைய போனில், என் எண்ணில், 1994இல் பிறந்ததாகப் போட்டு இன்ஸ்டாகிராம் திறந்துவிட்டான். நான் எப்படிக் கண்டுபிடித்தேன் தெரியுமா? ஒருநாள் வந்து, "தாத்தா, வரன்னா என்ன?" என்று கேட்டான். அவனுக்கு வரிசையாகத் திருமணத் தகவல் மைய விளம்பரங்கள் வந்திருக்கின்றன! முப்பது தாண்டிய பிள்ளை என்று நினைத்துப் பெண் பார்க்கச் சொல்லியிருக்கிறது. வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்புறம் அவன் போனை வாங்கிப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. முன்பின் தெரியாத இரண்டு ஆட்கள் "ஹாய் ப்ரோ" என்று ஆரம்பித்து, எந்த ஏரியா என்று கேட்டிருந்தார்கள். இவன் பள்ளியின் பெயரையே சொல்லியிருந்தான்.

பதின்மூன்று முதல் பதினேழு வரை உள்ளவர்களுக்கு இன்ஸ்டாகிராமில் தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள், 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது, ராத்திரி பத்திலிருந்து காலை ஏழு வரை அறிவிப்பு வராது, பதினாறுக்குக் கீழே உள்ளவர்கள் இதைத் தளர்த்த வேண்டுமானால் பெற்றோர் அனுமதிக்க வேண்டும். எல்லாம் சரி, உண்மை வயதைப் போட்டிருந்தால். நீ பேத்திக்கு 1995 என்று போட்டுக் கொடுத்தால், பிள்ளைகளுக்கென்று போட்ட வேலியையும் சேர்த்துப் பிடுங்கிக் கொடுத்துவிடுகிறாய் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆஸ்திரேலியாவில் சம்மதமே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். 2025 டிசம்பர் 10 முதல் பதினாறுக்குக் கீழே கணக்கே கூடாது, அம்மா அப்பா சரி என்றாலும் செல்லாது. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை, கம்பெனிக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். முகத்தைக் கேமராவில் காட்டச் சொல்லி வயதைக் கணிப்பதும் அங்கே ஒரு வழி. முகத்தைப் பார்த்து வயது சொல்வது! காதைத் தொடச் சொன்னதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம், சொல்லு. எப்படித் தலையைச் சாய்ப்பது என்று அங்கேயும் பிள்ளைகள் கண்டுபிடித்திருப்பார்கள்.

என் சென்டரில் கடைசி மூன்று வருடம் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். 2011இல் சைபர் கஃபேக்களுக்கு மத்திய அரசு விதி போட்டது. வருகிறவர் அடையாள அட்டை காட்ட வேண்டும், பதிவேட்டை ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். அட்டை இல்லாத சின்னப் பிள்ளை பெரியவரோடுதான் வரலாம். தடுப்புப் பலகை தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் இருக்கக்கூடாது. ஆசாரியைக் கூட்டிவந்து ஆறு பலகையையும் அறுக்கச் சொன்னபோது அரசாங்கத்தைத் திட்டித் தீர்த்தேன். பதிவேட்டில் பசங்க நடிகர்கள் பெயரெல்லாம் எழுதினார்கள், அது வெறும் சடங்கு. பலகை தாழ்ந்ததுதான் வேலை செய்தது. உட்கார்ந்திருப்பவன் தலை எனக்குத் தெரியும், என் தலை அவனுக்குத் தெரியும். பாதிப் பேரின் அப்பாவை எனக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

வீட்டில் இப்போது அதைத்தான் செய்து பார்க்கிறேன். பேரனின் கணக்கை அவன் எதிரிலேயே அழித்தேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை, பாட்டியிடம் மட்டும் சாப்பாடு கேட்டான். போன் கூடத்தில், டிவி பக்கத்தில் சார்ஜில் இருக்கும். பார்க்க வேண்டியதை அங்கேயே, எல்லோர் நடுவிலும் உட்கார்ந்து பார்க்கலாம். சண்டை வராமல் இல்லை. போன வாரம் மாடிக்கு எடுத்துப் போய்விட்டான், நான் மூட்டுவலியோடு ஏறினேன்.

ஆகவே உன் கேள்விக்கு: வருடத்தை மாற்றிப் போடாதே. பதின்மூன்று ஆகட்டும், உண்மையான தேதியில் திறக்கட்டும். அதுவரை அவள் பார்க்க விரும்பும் நடன வீடியோவை உன் போனில், உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். "வகுப்பில் எல்லோரிடமும் இருக்கிறது" என்பதை மட்டும் நம்பாதே. பேரனும் அதையேதான் சொன்னான். நான்கு வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டேன், இரண்டு வீட்டில் இல்லை. அந்த இரண்டு பிள்ளைகளும், "அவன்கிட்ட இருக்கு" என்று இவனைக் காட்டி வீட்டில் அழுதிருக்கிறார்கள்.

வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, குடியாத்தத்துக்கு எல்லோருமாக வாருங்கள். முந்தின நாள் இங்கே இறங்கிவிடு, முள்ளுக் கத்திரிக்காய் வாங்கிவைக்கிறேன். பேத்தியையும் அவள் அம்மாவையும் கட்டாயம் கூட்டி வா. முடியாது என்று பிடிவாதமாக நிற்கும் உன் மகளிடம், ஆர்குட்டில் நீ எந்த வருடம் பிறந்தாய் என்று ஒரு தடவை கேட்டுப் பார். பத்தாம் வகுப்பு முடித்த கோடை லீவு அது, இரண்டாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தாள். உன்னிடம் சொல்லமாட்டேன் என்று அன்றைக்கு அவளிடம் சத்தியம் செய்திருந்தேன்.

அன்புடன்,
உன் ஜூன் 1 கூட்டாளி